பிள்ளைக்கு என்ன பரிசு?

(தொடர்கல்வி மையத்தில் பெற்றோருக்கு நிகழ்த்திய உரை)



பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. அல்லது பண்டிகை வருகிறது. அல்லது பிள்ளை இரண்டாம் வகுப்பு முடித்து மூன்றாம் வகுப்புக்குப் போகிறது. ஏதாவது வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பெற்ற மனம் நினைக்கிறது. கையில் காசு இருந்தாலும் நினைக்கிறது. இல்லாவிட்டாலும் நினைக்கிறது.

என்ன வாங்குவது? எதைப் பார்த்து வாங்குவது? இன்றைய பேச்சு இதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைக் கேளுங்கள்.

ஆயிரம் ரூபாய் பொம்மை

பெங்களூரில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே வேலை செய்யத் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவர் சாரம் கட்டுபவர். மனைவி சித்தாள். வேலையிடத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவர்களுக்கு வீடு.

மகளுக்கு ஏழு வயது. பக்கத்து அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் கன்னடம் படித்தாள். வீட்டில் தமிழ் பேசினாள். மகனுக்கு ஒரு வயது.

மகளின் பிறந்தநாள் வந்தது. அப்பாவுக்கு ஒரு வருத்தம் உண்டு. விடியும் முன்னே வேலைக்குப் போகிறார். இருட்டிய பிறகு வருகிறார். மகளோடு பேச நேரமே இல்லை. அதற்கு ஈடாகப் பெரிய பரிசு ஒன்று கொடுக்க நினைத்தார். மேஸ்திரியிடம் 1000 ரூபாய் கடன் வாங்கினார். கடைக்குப் போய், பாட்டுப் பாடும் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார்.

பொம்மையின் வயிற்றை அழுத்தினால் அது பாடும். மகள் அழுத்தினாள். பாடியது. மறுபடி அழுத்தினாள். அதே பாட்டு. முதல் நாள் நூறு தடவை அழுத்தினாள். இரண்டாம் நாள் பத்துத் தடவை. மூன்றாம் நாள் பொம்மை மூலையில் கிடந்தது.

நான்காம் நாள் பாட்டு நின்றுவிட்டது. உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மகளுக்கு ஆசை. பொம்மையின் முதுகில் ஒரு மூடி இருந்தது. அதற்குத் திருகாணி இல்லை. நகத்தால் நெம்பியதும் திறந்துகொண்டது. சட்டைப் பொத்தான் போலச் சின்னச் சின்னதாக மூன்று பேட்டரிகள் கீழே விழுந்து உருண்டன.

தம்பி தவழ்ந்து வந்தான். ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

நல்ல வேளை, அம்மா பார்த்துவிட்டாள். பேட்டரி வாயின் ஓரத்திலேயே இருந்தது. வெளியே எடுத்துவிட்டாள். அவளுக்குக் கை நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று.

மாலையில் அப்பா வந்தார். பொம்மை பிரிந்து கிடப்பதைப் பார்த்தார்.

"ஆயிரம் ரூபா சாமானை உடைச்சுட்டியே!" என்று மகளைத் திட்டினார். அவள் அழுதுகொண்டே தூங்கிப்போனாள்.

வாரம் 100 ரூபாய் வீதம் மேஸ்திரி கூலியில் பிடித்தார். வட்டியோடு சேர்த்து 12 வாரம் பிடித்தார். மொத்தம் 1200 ரூபாய். பொம்மை பாடியது நாலு நாள். கடன் இருந்தது 12 வாரம்.

இதில் தவறு யாருடையது? பிள்ளையுடையது அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது அந்த வயதின் குணம். அப்பாவின் அன்பிலும் குறையில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் குறை.

பொத்தான் பேட்டரி

அந்த அம்மா பயந்தது சரியான பயம்தான்.

பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளலாம். அங்கே உள்ள ஈரம் பட்டதும் மின்சாரம் பாயும். கடுமையான காரம் உண்டாகும். அந்தக் காரம் சதையை அரித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே பெரிய புண் ஆகிவிடலாம். உயிருக்கே ஆபத்து வரலாம். பொம்மை பாட்டை நிறுத்திவிட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைக்கக்கூடாது. தீர்ந்துபோன பேட்டரியிலும் மிச்ச மின்சாரம் இருக்கும்.

குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே போதும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும் ஓட வேண்டும். எக்ஸ்ரே எடுத்தால் பேட்டரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. பேட்டரி கீழே இறங்கட்டும் என்று சோறு, வாழைப்பழம் ஊட்டவும் கூடாது.

ஆகவே பேட்டரி பொம்மை வாங்கினால் முதலில் அதன் முதுகைப் பாருங்கள். பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்க வேண்டும். கையால் திறந்தால் அந்தப் பொம்மை வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. பரிசு எட்டு வயதுப் பிள்ளைக்குத்தான். ஆனால் வீட்டில் ஒரு வயதுப் பிள்ளையும் இருக்கலாம். கோலிக்குண்டு, காந்தத் துண்டு, உடைந்த பலூன் ஆகியவை பெரிய பிள்ளைக்கு விளையாட்டு. சின்னப் பிள்ளைக்கு எமன். பெரிய பிள்ளைக்கு வாங்கும்போதும் சின்னப் பிள்ளையை நினைத்து வாங்க வேண்டும்.

படிக்கத் தெரிந்தவருக்குப் பெட்டி பேசும்

அந்த அம்மா பிறகு எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள். எண்களையும் குறிகளையும் அடையாளம் காணப் பழகினாள். அதன் பிறகு கடைத்தெருவில் அவள் பார்வையே மாறிவிட்டது.

பொம்மைப் பெட்டியில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை. இது இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரும் முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு இந்த முத்திரை கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் எல்லாப் பொம்மைக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். முத்திரைக்கு மேலே ஓர் எண் இருக்கும். சாதாரண பொம்மைக்கு 9873. மின்சாரத்தில் அல்லது பேட்டரியில் ஓடும் பொம்மைக்கு 15644. முத்திரைக்குக் கீழே, பொம்மை செய்த நிறுவனத்தின் உரிம எண் இருக்கும். உரிம எண் உண்மையா என்று பி.ஐ.எஸ். கேர் என்னும் செல்போன் செயலியில் பார்க்கலாம்.

இரண்டாவது, எந்த வயதுப் பிள்ளைக்கு என்று போட்டிருக்கும். அதைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, கையால் தடவிப் பார்க்க வேண்டும். கூர்மையான ஓரம் இருக்கிறதா? நகத்தால் சுரண்டினால் சாயம் உரிகிறதா? மட்டமான சாயத்தில் ஈயம் கலந்திருக்கலாம். ஈயம் வயிற்றுக்குள் போனால் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

மரப்பொம்மை

ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. அரசிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்து விற்கும் பொம்மைக்கு முத்திரை கட்டாயம் இல்லை. புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் கட்டாயம் இல்லை.

அப்படிப்பட்ட பொம்மை பெங்களூருக்குப் பக்கத்திலேயே உண்டாகிறது. பெங்களூரிலிருந்து மைசூர் போகும் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணா என்ற ஊர் வரும். கர்நாடகத்தில் அதைப் பொம்மைகளின் ஊர் என்பார்கள்.

அங்கே வெட்பாலை மரத்தைக் கடைசல் பொறியில் பொருத்திச் சுழல விடுகிறார்கள். உளியால் கடைந்து உருவம் கொண்டுவருகிறார்கள். பிறகு வண்ணம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் தாழை மடலால் தேய்க்கிறார்கள். பொம்மை பளபளக்கிறது. ஆந்திரத்தில் ஏட்டிகொப்பாக்கா என்ற ஊரிலும் இப்படிக் கடைந்து அரக்குப் பூசுகிறார்கள்.

மஞ்சள், அவுரி போன்ற இயற்கைச் சாயம் கலந்த பொம்மைகளும் உண்டு. செயற்கைச் சாயம் போட்டவையும் உண்டு. கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு மரப் பம்பரத்துக்குப் பேட்டரி வேண்டாம். அது தானாக ஆடாது. பிள்ளைதான் ஆட்ட வேண்டும். கயிறு சுற்றப் பழக வேண்டும். வீசப் பழக வேண்டும். பத்துத் தடவை தவறும். பதினோராம் தடவை பம்பரம் நின்று சுழலும். அப்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

பாடும் பொம்மைக்கும் பம்பரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பாடும் பொம்மை வேலை செய்கிறது, பிள்ளை சும்மா இருக்கிறது. பம்பரம் சும்மா இருக்கிறது, பிள்ளை வேலை செய்கிறது.

பள்ளி வயதுப் பிள்ளைக்கு எது பிடிக்கும்?

ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகள் கூட்டமாக விளையாட விரும்புவார்கள். விதி வைத்து விளையாடுவார்கள். "நீ அவுட்டு" என்று சண்டை போடுவார்கள். எதையாவது பிரித்துப் பார்ப்பார்கள். எதையாவது செய்து பார்ப்பார்கள். ஓயாமல் கேள்வி கேட்பார்கள்.

இதற்கு ஏற்ற பரிசு என்ன? தாண்டிக் குதிக்கும் கயிறு. பந்து. தாயக்கட்டை. பரமபத அட்டை. பல்லாங்குழி. வண்ணப் பென்சில், வெள்ளைத்தாள். இவற்றில் எதுவும் நாலு நாளில் தீர்ந்துபோகாது.

பல வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பிள்ளைக்குச் சொப்புச் சாமான் வாங்குவார்கள். ஆண் பிள்ளைக்குப் பந்தும் மட்டையும் வாங்குவார்கள். பெண் பிள்ளைக்கும் ஓடக் கால் இருக்கிறது. ஆண் பிள்ளையும் சோறு சாப்பிடுகிறவன்தான். யாருக்கு எதில் ஆசை என்று பார்த்து வாங்குவதே நல்லது.

இன்று பலர் செல்போனைக் கொடுத்துப் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறார்கள். பிள்ளை சத்தம் போடாது. வம்பு செய்யாது. ஆனால் ஓடவும் செய்யாது, கேள்வி கேட்கவும் செய்யாது. ஓடி விளையாட வேண்டிய வயதில் அது நல்ல பரிசு ஆகாது.

அடுத்த பிறந்தநாள்

மறுபடி அந்தக் குடும்பத்தைப் பார்ப்போம்.

ஒரு வருடம் ஓடிற்று. மகளுக்கு எட்டு வயது ஆகப் போகிறது. ஒரு நாள் இரவு அப்பா சொன்னார்:

"மேஸ்திரிகிட்ட மறுபடியும் ஆயிரம் ரூபா கேட்டிருக்கேன். இந்தத் தடவை நல்ல கடையாப் பார்த்து வாங்கணும்."

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் அம்மா. "அவளுக்கு என்ன வேணும்னு நாம பார்த்தோமா? தினமும் சாரத்தைப் பார்த்துக்கிட்டே நிக்கிறா. அது ஏன் குறுக்கே கட்டியிருக்கு, இது ஏன் நட்டுக்க நிக்குதுன்னு கேட்கிறா. நீங்க என்ன சொல்றீங்க? போய் விளையாடுன்னு விரட்டுறீங்க."

அப்பா பேசவில்லை.

அம்மா வகுப்பில் தான் கேட்ட ஒரு செய்தியைச் சொன்னாள். அரவிந்த் குப்தா என்று ஒரு பொறியாளர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். லாரி செய்யும் பெரிய கம்பெனியில் வேலை பார்த்தவர். 1978-ல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் பகுதிக்குப் போனார். அங்கே கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்து அறிவியல் கற்கும் திட்டம் ஒன்று 1972 முதல் நடந்துவந்தது. கிராமத்துப் பிள்ளைகளிடம் விலை உயர்ந்த பொம்மை ஏது? சைக்கிள் வால்வு டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்தே பல உருவங்கள் செய்யலாம் என்று அவர் கண்டுபிடித்தார். வீணாய்ப் போகும் பொருள்களிலிருந்து நூற்றுக்கணக்கான விளையாட்டுப் பொருள்களைச் செய்து காட்டினார். 2018-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவருடைய புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

"தீக்குச்சியா பிறந்தநாள் பரிசு?" என்று சிரித்தார் அப்பா. ஆனாலும் மறுநாள் சைக்கிள் கடையில் வால்வு டியூப் வாங்கி வந்தார்.

முக்கோணமும் சதுரமும்

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. தம்பி தூங்கிய நேரம். மூவரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

தீக்குச்சிகளில் இருந்த மருந்தை அப்பா சுரண்டி எடுத்து, தூரக் கொண்டுபோய்த் தண்ணீரில் போட்டார். அம்மா வால்வு டியூப்பைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினாள். துண்டின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சியைச் செருக வேண்டும். அவ்வளவுதான்.

மகள் மூன்று குச்சிகளைச் சேர்த்தாள். முக்கோணம் வந்தது. நான்கு குச்சிகளைச் சேர்த்தாள். சதுரம் வந்தது.

சதுரத்தை விரலால் தள்ளினாள். அது சாய்ந்தது. முக்கோணத்தைத் தள்ளினாள். அது அசையவில்லை.

"அப்பா, இது சாயுது. அது ஏன் சாயல?"

இந்தத் தடவை அப்பா விரட்டவில்லை. சதுரத்தைக் கையில் வாங்கினார். மூலைக்கு மூலை ஒரு தீக்குச்சியை வைத்துப் பார்த்தார். குச்சி எட்டவில்லை.

"மூலைக்கு மூலை தூரம் ஜாஸ்தி. நீளக் குச்சி வேணும்" என்றார். துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை அளவாக ஒடித்தார். முள்ளால் வால்வு டியூப்பில் துளை போட்டு அதைக் குறுக்கே செருகினார்.

"இப்போ தள்ளு."

மகள் தள்ளினாள். சதுரம் அசையவில்லை.

"அங்கே பார்" என்று வெளியே கையைக் காட்டினார் அப்பா. கட்டடத்தின்மேல் சாரம் நின்றது. "நேரே நிக்கிற கம்பு, படுக்கை கம்பு ரெண்டும் சேர்ந்தா சதுரம். அது சாயும். அதான் குறுக்கே ஒரு கம்பு கட்டுறேன். அது இல்லேன்னா சாரம் ஆள்மேல சாஞ்சுடும்."

மகள் சாரத்தையே பார்த்தாள். "அப்போ அங்கே நிறைய முக்கோணம் இருக்கு!" என்றாள்.

அப்பா மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கத் தன்னிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தவர். அன்று அவருக்குத் தெரிந்த வேலையே மகளுக்குப் பாடம் ஆயிற்று. பொழுது சாயும்வரை இருவரும் குச்சிகளை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு குச்சிகளை எண்ணி ஒரு டப்பாவில் போட்டு, தம்பிக்கு எட்டாத உயரத்தில் வைத்தார்கள்.

ஒரே கதை, இரண்டு புத்தகம்

அம்மாவும் ஒரு பரிசு வைத்திருந்தாள். இரண்டு மெல்லிய கதைப் புத்தகங்கள். இரண்டிலும் ஒரே படங்கள். ஒன்று கன்னடம். ஒன்று தமிழ்.

நேஷனல் புக் டிரஸ்ட் 1957-ல் தொடங்கிய அரசு நிறுவனம். அது பிள்ளைகளுக்கான நூல்களைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுகிறது. 2004-ல் பெங்களூரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனமும் ஒரே கதையைப் பல மொழிகளில் குறைந்த விலைக்குத் தருகிறது. வேறு மாநிலத்தில் பிழைக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. பிள்ளை பள்ளி மொழியில் படிக்கும். பெற்றவர் தாய்மொழியில் படிப்பார்கள்.

அன்று இரவு மகள் கன்னடத்தில் ஒரு பக்கம் படித்தாள். அம்மா அதே பக்கத்தைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அம்மா திணறிய இடத்தில் மகள் படத்தைக் காட்டினாள். புத்தகம் முடிய மூன்று இரவு ஆயிற்று. மகளுக்குத் தமிழ் எழுத்து சில தெரிந்தது. அம்மாவுக்குக் கன்னட எழுத்து சில தெரிந்தது. பேருந்தின் பலகையைப் படிக்க அது அம்மாவுக்குப் பயன்பட்டது.

அந்தப் பிறந்தநாளுக்கு ஆன செலவு 200 ரூபாய்க்குள். மேஸ்திரியிடம் கடன் இல்லை.

வாங்குவதற்கு முன்

தாய்மார்களே! தந்தைமார்களே! விலை உயர்ந்த பரிசு கொடுப்பது குற்றம் அல்ல. வசதி உள்ளவர் கொடுக்கலாம். ஆனால் விலையைக் கொண்டு அன்பை அளக்க வேண்டாம். கடன் வாங்கிக் கொடுக்கும் பொம்மை, பிள்ளையின் பாலையும் பழத்தையும் சேர்த்தே விழுங்கிவிடும்.

பரிசு வாங்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இதை வைத்துப் பிள்ளை என்ன செய்யும்? வேடிக்கை மட்டும் பார்க்குமா?

2. ஒரு மாதம் கழித்தும் இதை எடுத்து விளையாடுமா?

3. இதனால் பிள்ளைக்கோ வீட்டிலுள்ள சின்னக் குழந்தைக்கோ ஆபத்து உண்டா?

4. மற்றப் பிள்ளைகளோடும் பெற்றவரோடும் சேர்ந்து விளையாட முடியுமா?

5. கடன் இல்லாமல் வாங்க முடியுமா?

பிள்ளை எதைப் பார்த்து நிற்கிறது, எதைக் கேட்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். என்ன பரிசு கொடுப்பது என்று அதிலேயே தெரிந்துவிடும். பரிசைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். அந்த அரை மணி நேரமும் பரிசில் சேர்ந்ததுதான்.